ஒரு சொம்புத் தண்ணியும் ஒரு பொய்யும்

பொய் சொல்வது தப்பா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "தப்பு சார்" என்போம். சேரிப் பிள்ளைகள் நாங்களும் அப்படித்தான் சொன்னோம். பள்ளிக்கூடம் விட்டு ஊர்த்தெரு வழியாக வரும்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் "நீ யார் ஊட்டுப் பையன்டா?" என்று கேட்டால், எந்தத் தெருவின் பெயரைச் சொல்வது என்று தொண்டைக்குள் ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்து, பதினைந்து வருஷமாக மேடைகளில் சாதி ஒழிப்பு பேசிக்கொண்டிருக்கிற நான், போன ஐப்பசியில் ஏலகிரி மலையில் ஒரு சொம்புத் தண்ணிக்காக ஒரு பொய் சொன்னேன். அதை எழுதித் தீர்க்காமல் வேறு எதையும் எழுத ஓடவில்லை.

ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு ஏலகிரி தினமும் கண்ணில் படுகிற மலை. ஜங்ஷனில் இருந்து சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அதன் பெயர்தான். ஆனால் எங்கள் காலனியில் எத்தனை பேர் அந்த மலைக்குச் சும்மா போயிருப்பார்கள்? வேலைக்குப் போனவர்கள் நிறைய. என் அப்பா அங்கே ஏதோ ஒரு விடுதிக்குச் சுவர் எழுப்பும் வேலைக்கு ஒரு மாசம் போனார். திரும்பி வந்தவரிடம் "மலை எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஜல்லி ஏத்தி ஏத்தி தாவு தீந்துபோச்சு" என்றார். அவர் பார்த்த மலை அவ்வளவுதான்.

போகலாம் என்று முதலில் சொன்னது தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை, இயக்கத்தில் கிடைத்தவள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் மெஷினில் குனிந்திருக்கிற உடம்பு. "நாம தெச்ச ஷூவைப் போட்டுகினு எவனோ எங்கியோ மலை ஏறுறான். நாம ஒருவாட்டி ஏறிப் பாத்தா இன்னாண்ணா?" என்றாள். அவளும் அவளுடைய சிநேகிதியும், வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவர், ரயில்வேயில் கேங்மேனாக இருக்கிற ஒருவர், ஒரு டீச்சர், இரண்டு கல்லூரி மாணவர்கள், நான். எட்டுப் பேர். ஷூ தைக்கிறவள் காலில் ரப்பர் செருப்பு.

மலைப்பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பாரதிதாசன், பாரதி, வள்ளுவர், கபிலர், ஔவை, பாரி என்று பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. தமிழ் படித்தவனுக்கு ஒவ்வொரு பலகையும் ஒரு பரீட்சைத் தாள் மாதிரி. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். அதுவே குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது. நாங்கள் போன காலமும் இடமும் இலக்கணத்தோடு சரியாகப் பொருந்தின. பொருந்தாதது நாங்கள்தான். அடியோரையும் வினைவலரையும், அதாவது அடிமைகளையும் ஏவிய வேலையைச் செய்கிறவர்களையும், தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் நிறுத்துகிறது. கைக்கிளையும் பெருந்திணையும் அவர்களுக்கு உரியவை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். வகுப்பில் இதைப் படித்தபோது தேர்வுக்குக் குறித்துக்கொண்டேன். மலையில்தான் உறைத்தது. காதலிக்க, காத்திருக்க, மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க நேரம் உள்ளவனுக்குத்தான் திணை. வேலைக்காரனுக்கு மலை என்றால் விறகு, கல், சுமை. எங்கப்பாவுக்கு ஜல்லி.

ஆகவே சும்மா மலை ஏறுவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. இன்பமும் ஒரு உரிமைதான். கூலியைக் கேட்கிற மாதிரி, குடிதண்ணீரைக் கேட்கிற மாதிரி அதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. நான் சொன்ன பொய் இந்த இடத்தில்தான் வந்து மாட்டுகிறது.

சுவாமிமலை உச்சிக்கு மங்களம் கிராமத்தில் இருந்து பாதை. இப்போது தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் செத்த பிறகு வந்தவை. எங்களுக்கு வழிகாட்ட உள்ளூர்ப் பையன் ஒருவன் வந்தான். மலையாளிப் பழங்குடி. கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைகளையே ஆண்டு வாழ்கிற ஜனம். எங்கள் சோற்று மூட்டையை அவனே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். நாங்களும் விட்டுவிட்டோம். கொஞ்ச தூரம் போனதும் கேங்மேன் அண்ணன்தான் "குடுப்பா, நாங்க தூக்காத சொமையா" என்று வாங்கிக்கொண்டார். அதுவரைக்கும் எங்களில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

பாதை ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. பையனுக்கு அது அத்தை வீடோ பாட்டி வீடோ. "தண்ணி குடு பாட்டி" என்று குரல் கொடுத்துவிட்டு ஆட்டைத் துரத்தப் பின்பக்கம் போய்விட்டான். கிழவி பித்தளைச் சொம்போடு வந்தாள். "எந்த ஊரு சாமி?" "ஜோலார்பேட்டை." "இன்னா ஆளுங்க?"

சொம்பு அவள் கைக்கும் என் கைக்கும் நடுவில் நின்றது.

"நாங்க முதலியாருங்க பாட்டி" என்றேன். யோசிக்கவே இல்லை. பதில் தானாக வந்தது. எத்தனை தலைமுறைப் பழக்கமோ. கிழவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாங்களும் லேசுப்பட்டவங்க இல்ல சாமி, ஆதியில காஞ்சிவரத்துல இருந்து வந்த வேளாளருங்க" என்றாள். சொம்பு கைக்கு வந்தது. குடித்தேன். ஒவ்வொருவராக வாங்கிக் குடித்தார்கள். தங்கச்சி மட்டும் வாங்கவில்லை. பையில் இருந்து பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தாள். ஆமாம், எங்களிடம் தண்ணீர் இருந்தது. தாகத்துக்காகப் பொய் சொன்னேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பொழுது கெட்டுப்போகக் கூடாது என்றுதான் சொன்னேன்.

உச்சியில் உட்கார்ந்தோம். கீழே ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி புழு மாதிரி ஊர்ந்தது. கேங்மேன் அண்ணன் 2019ஆம் வருஷக் கதையைச் சொன்னார். சென்னை தண்ணீர் இல்லாமல் தவித்தபோது ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் இருந்து முதல் தண்ணீர் ரயில் போனது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். "பைப்பு மாட்டுனது எவன் கைன்னு அங்க குடிச்சவன் எவனாவது கேட்டானா?" என்றார். தோல் ஷாப்பு அண்ணன் பாலாற்றுப் பக்கம் கை காட்டினார். டேனரிக் கழிவால் கெட்ட நிலத்தடி நீருக்காக வேலூர் மக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்ன ஊர் இது. தண்ணீரைப் பற்றி இவ்வளவு தெரிந்த எட்டுப் பேர், கொஞ்ச நேரத்துக்கு முன் குடித்த தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தங்கச்சிதான் உடைத்தாள். "நீ உனக்குன்னு சொல்லிக்கினா சொல்லிக்கோண்ணா. 'நாங்க'ன்னு ஏன் சொன்ன? அந்த 'நாங்க'ல நான் கீறேனே. எங்கம்மா கீதே."

நான் இலக்கணம் படித்தவன். தன்மைப் பன்மை என்று பாடம் நடத்துகிறவன். கேட்பவரை விலக்கி, கூட நிற்பவர்களை எல்லாம் உள்ளே சேர்க்கிற சொல் 'நாங்கள்'. என் பொய் ஒருமையில் இல்லை, பன்மையில் இருந்தது. ஏழு பேரைக் கேட்காமல் ஏழு பேரின் வாயாலும் நானே பேசிவிட்டேன்.

மாணவர்களில் ஒருவன் எனக்காக வாதாடினான். "கேட்டதே தப்பான கேள்வி. அதுக்கு எதுக்குண்ணா சரியான பதில்?" லேசான வாதம் இல்லை இது. ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், உன் நண்பனைக் கொல்ல வந்தவன் கதவைத் தட்டி 'அவன் உள்ளே இருக்கிறானா' என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்கிறார். எந்தக் கதவும் தனக்கு மூடப்படாதவர் பேசுகிற பேச்சு அது. நம் வள்ளுவர் அப்படி இல்லை. யாருக்கும் குற்றமில்லாத நன்மையை ஒரு பொய் தருமானால் அதையும் உண்மையின் பக்கத்தில் வைக்கலாம் என்று இடம் கொடுக்கிறார். நான் வள்ளுவர் பக்கம் சாய்ந்துகொள்ளப் பார்த்தேன். தோல் ஷாப்பு அண்ணன் அதற்கும் முட்டுக் கொடுத்தார். "வாடகை வீட்டுக்கு நான் நாலு வாட்டி சாதியை மாத்திச் சொல்லிகீறேன். சொல்லலன்னா புள்ளைங்க ரோட்ல." அந்தப் பொய்யைக் குற்றம் சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை. அதன் பாவம் முழுக்க வீட்டுக்காரனுக்கு. ஆனால் என் பொய்யில் வள்ளுவர் கேட்கிற அந்த நன்மை எங்கே? யார் பிள்ளையும் ரோட்டில் இல்லை. என் சுகத்துக்காகக் கூட நின்றவளைச் சிறுமைப்படுத்தியதுதான் மிச்சம்.

அப்போதுதான் அண்ணல் அம்பேத்கரின் பயணம் நினைவுக்கு வந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் சொல்கிற, 1990இல் மக்கள் கல்விக் கழகம் வெளியிட்ட அந்தச் சின்ன நூலில் இருக்கிறது. 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேர் அவரோடு ஊர் பார்க்கக் கிளம்புகிறார்கள். போராட்டம் இல்லை, மாநாடு இல்லை. சும்மா எல்லோரா குகைகளைப் பார்க்கத்தான். வழியில் தொல்லை வேண்டாம் என்று, யார் என்று காட்டிக்கொள்ளாமல் போவதாக முடிவு செய்கிறார்கள். தௌலதாபாத் மலைக்கோட்டை வாசலில் ஒரு குளம். பயணப் புழுதி போக முகம், கை, கால் கழுவுகிறார்கள். ரம்ஜான் மாதம். குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடி வர, கூட்டம் கூடிவிடுகிறது. வசவு விழுகிறது.

அண்ணல் அங்கே 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று சொல்லவில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: தீண்டப்படாதவன் ஒருவன் உங்கள் மதத்துக்கு மாறி வந்தால் அவனையும் இந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்க விடமாட்டீர்களா? கூட்டத்திடம் பதில் இல்லை. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவனைக் காவலுக்குக் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். மகாடில் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்து ஏழு வருஷம் கழித்து நடந்தது இது.

முப்பது பேரும் மறைத்தார்கள், நானும் மறைத்தேன். வித்தியாசம் எங்கே? அவர்கள் சேர்ந்து முடிவு செய்து மறைத்தார்கள். மறைவு கிழிந்தபோது பெயரை விற்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒடுக்கப்பட்டவனின் தந்திரம்; அதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கூட நிற்பவர்களைக் கேட்காமல் அவர்கள் பெயரையும் சேர்த்து மறுக்கிறவன் திருடுகிறான். உண்மையைக் கேட்கும் உரிமை அந்தக் கிழவிக்கு இல்லாமல் இருக்கலாம். தங்கச்சிக்கு இருந்தது. நான் பொய் சொன்னது கிழவியிடம்; துரோகம் செய்தது தங்கச்சிக்கு.

இறங்கும்போது அந்த வீட்டு வாசலில் தங்கச்சி நின்றாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். இரண்டாவது முறையும் அதே புத்தி. அவள் சொல்லிவிட்டாள். "பாட்டி, அண்ணன் பொய் சொல்லிட்டாரு. நாங்க காலனிக்காரங்க."

கிழவி கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றாள்.

அந்த வார்த்தையை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். சொல்லியிருந்தால் சொம்பு கிடைத்திருக்காது என்றும் எடுக்கலாம். சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றும் எடுக்கலாம். அவளைச் சாதி வெறி பிடித்தவள் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அரசுப் பட்டியலில் அவள் பழங்குடி. அவள் சொல்லிக்கொள்கிற கதையில் காஞ்சிவரத்து வேளாளர். சுற்றிலும் விடுதிகளும் வேலி போட்ட தோட்டங்களும் வந்துவிட்ட மலையில், தலையை நிமிர்த்த அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தக் கதைதான். நான் பிடித்துத் தொங்கிய அதே ஏணியில் அவளும் ஒரு படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏணியில் ஏறிக்கொண்டே ஏணியை எரிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவன் நான். அவள் மேடை ஏறிப் பேசவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவளை ஜெயிப்பது எனக்கு வெற்றி இல்லை. அவளோடு உட்கார்ந்து பேச நமக்கு எவ்வளவோ இருக்கிறது. பொய்யில் ஆரம்பித்தால் அந்தப் பேச்சு ஆரம்பிக்கவே செய்யாது.

சொம்பு திண்ணையிலேயே இருந்தது. அவள் அதைக் கழுவவும் இல்லை, உள்ளே எடுத்துப் போகவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நடந்துவிட்டோம்.

அடுத்த ஐப்பசிக்கு ஜவ்வாது மலை என்று பேச்சு. தங்கச்சி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். கிளம்புவதற்கு முன்னால் எட்டுப் பேரும் கூடிப் பேச வேண்டும்: வழியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது, யார் சொல்வது, தண்ணி மறுத்தால் என்ன செய்வது. சோறு கட்டுவது யார் என்பதை அதற்கப்புறம் பேசலாம் என்கிறாள்.