இது பழசும்மா!

உண்மையைச் சொல்லுங்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புடவையை வீட்டில், 'அறுநூறுதாங்க, ஆடித் தள்ளுபடி' என்று சொன்னதுண்டா? ஆண்களே, சிரிக்க வேண்டாம். புத்தகக் காட்சியில் வாங்கியதை ஆபீஸ் மேஜையில் பதுக்கி, வாரத்துக்கு ஒன்றாக டிபன் பையில் வீட்டுக்குக் கடத்துகிறவன் நான். 'இது எப்ப வாங்கினீங்க?' என்றால், 'அட, இது பழசும்மா!'

பொய்தான். ஆனால், யாருக்குப் பயந்து?

2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பல வீடுகளில் அரிசிப் பானையும் அஞ்சறைப் பெட்டியும் வாய் திறந்தன. சிறுவாட்டுப் பணம்! கணவருக்குத் தெரியாமல் சேர்த்ததை அவர் கையிலேயே கொடுத்து மாற்றித் தரச் சொல்லும் நிலைமை. 'ஏன் மறைச்சே?' என்று மனைவியைக் கேட்டவர்கள் உண்டு. 'என்கிட்ட ஏன் மறைக்கத் தோணுச்சு?' என்று தன்னையே கேட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

நான் கேட்டுக்கொண்டது வேறொரு நாள். சமையலறைக் குப்பைக்கூடையில், சுரண்டி எடுத்த விலை ஸ்டிக்கர் ஒன்று கிடந்தது. ஹேர் கிளிப். நாற்பத்தைந்து ரூபாய். இதை மறைக்கும் அளவுக்கு நான் என்ன செய்தேன்? கத்தியதில்லை. கை ஓங்கியதில்லை. 'இது இப்ப அவசியமா?' என்று மட்டும் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அது போதாதா?

பி.காமில் 'பெட்டி கேஷ்' என்று ஒரு பாடம் உண்டு. சில்லறைச் செலவுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே கொடுத்துவிடுவார்கள். டீக்கும் தபால்தலைக்கும் மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டாம். ஆபீஸிலாவது மாதக் கடைசியில் வவுச்சர் கேட்பார்கள். வீட்டில் அதுவும் வேண்டாமே!

அதற்காக எல்லா ரகசியமும் சில்லறை ஆகிவிடாது. கடன் வாங்கியது, நகையை அடகு வைத்தது, கிரெடிட் கார்டு பாக்கி... இவற்றை மறைத்தால் அது துரோகம்தான். நாளைக்கு அவர் தலையிலும் விடியப்போகிற செலவு என்றால், இன்றைக்கே தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஹேர் கிளிப் யார் தலையில் விடியும்? வாங்கியவர் தலையில் மட்டும்தான்.

இப்போது செல்போனிலேயே பணம் கட்டுகிறோம். கூட்டுக் கணக்கு என்றால், ஒரு முழம் பூ வாங்கினாலும் இன்னொருவர் கண்ணில் பட்டுவிடலாம். அரிசிப் பானைக்கு இருந்த மறைவு இதற்கு இல்லை. ஆகவே, நாம் பழக வேண்டியது ஒன்றுதான். தெரிந்தாலும் கேட்காமல் இருப்பது.

அது கஷ்டமா? மறுவாரம் இரண்டு புத்தகங்களைப் பில்லோடு ஹால் மேஜையில் பகிரங்கமாக வைத்தேன். மனைவி பார்த்தார். பில்லைத் தொடவில்லை.

"இதோட பத்தொன்பது" என்றார். "டிபன் பையில வந்தது பதினேழு."

அத்தனை நாளும் தெரியும். ஒருநாளும் கேட்கவில்லை.