தொடங்காத மருந்து

நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நெடுநாள் நோய்களுக்கு மருத்துவர் புதிதாக ஒரு மருந்து எழுதித் தருகிறார். சீட்டு வீடு வந்து சேர்கிறது. மருந்து வாய்க்குச் செல்வதில்லை. இஃது அவரவர் விருப்பம் மட்டுந்தானா, அறத்தோடும் தொடர்புடையதா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

வளர்ந்த நாடுகளிலேயே நெடுநாள் நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர்தாம் மருத்துவத்தை முறையாகப் பின்பற்றுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் தெரிவித்தது. நம் மாநிலத்தில் 5.8.2021 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. அதன் ஒரு கோடியாவது பயனாளிக்கு 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்துச் சன்னாசிப்பட்டியில் மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. ஆயினும், வாசல்வரை வந்த மருந்தை உட்கொள்ளச் செய்வது நோயாளியின் மனமேயன்றோ?

அம்மனம் தயங்குவது ஏன்? வலி இல்லை என்பது முதற்காரணம். எங்கள் கைலாசபுரத்தார் உயரழுத்தக் கொதிகலன் செய்யும் ஆலையைச் சார்ந்து வாழ்பவர்கள். கொதிகலன் முனகிய பின்னரே அழுத்தமானியைப் பார்ப்போம் என்று அங்கே எவரும் சொல்லார். உடம்புக்கு மட்டும் வேறு நீதி வைக்கிறோம்.

நம் குடும்பங்களுக்கே உரிய தயக்கங்களும் உண்டு. குளிகை உறைகள் பல, விலங்கின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. இரவுணவு நீத்தவர்க்கு, ‘இரவு உணவுக்குப் பின்’ என்னும் குறிப்பு இடர் தருகிறது. இத்தயக்கங்கள் இழிந்தவை அல்ல. ஆனால் வழியற்றவையும் அல்ல. தாவரப்பொருளால் ஆன உறைகள் உள்ளன. பல மருந்துகள் மாத்திரையாகவே கிடைக்கின்றன. முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினுக்கு மாற்றாக, நுண்ணுயிரைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் 1982 முதல் வழக்கிற்கு வந்தது. வேளையை மாற்றித்தர இயலுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். நாமாக மாற்றுவதுதான் தீது. உணவின்றி உட்கொண்டால் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும் மருந்துகளும் உள.

மருந்தை விலக்குதல் தவமாகாதோ எனச் சிலர் வினவுவர். சல்லேகனை, முடிவு நெருங்கிய நிலையில், குருவின் இசைவோடு, தெளிந்த அறிவுடன் ஏற்பது. அலமாரியில் சீட்டை மறந்துவைப்பது அதுவன்று; அது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த நெறி மருந்தை வெறுத்திருக்குமா?

இன்னுமொன்று சிந்திக்கத்தக்கது. தொடங்கவில்லை என்பதை மறைத்து, மறுமுறை மருத்துவர்முன் அமர்கிறோம். மருந்து பலிக்கவில்லை எனக் கருதி அவர் அளவைக் கூட்டுகிறார். அல்லது மற்றொன்றைச் சேர்க்கிறார். பின்னொரு நாள் இல்லத்தார் பரிந்து அத்தனையையும் ஒருங்கே கொடுத்தால் விளைவு என்னாகும்? மருந்தை மறுக்க நமக்கு உரிமை உண்டு. மறைக்க உரிமை இல்லை. வாய்மை அணுவிரதம் மருத்துவமனை வாயிலில் நின்றுவிடுவதன்று.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணும்போது வள்ளுவர் நோயுற்றவனையே முதலில் வைத்தார். ஆகவே, விலை மிகுதியோ, பக்கவிளைவின் அச்சமோ, விரதமோ, எதுவாயினும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுவோம். இல்லத்து முதியோரிடம், “மருந்து வாங்கியாயிற்றா?” என்பதோடு நில்லாமல், “தொடங்கியாயிற்றா? மனத்தில் ஏதேனும் தடை உண்டா?” என்றும் அன்போடு கேட்போமாக.