அணி என்பது யார்?

கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1968இல் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1971இல், அதன் ஆண்கள் கால்பந்து அணி அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கான அசுதோஷ் முகர்ஜி கோப்பையை முதன்முறையாக வென்றது. பிறகும் பலமுறை வென்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் 'கோழிக்கோடு மறுபடியும் வென்றது' என்றே சொல்கிறோம். அந்த 'மறுபடியும்' என்னைத் தொந்தரவு செய்கிறது. கல்லூரி மாணவன் மூன்று நான்கு ஆண்டு ஆடுவான், மேற்படிப்பு இருந்தால் இன்னும் ஓரிரு ஆண்டு. பிறகு அந்தச் சட்டையை அவன் அணிய முடியாது. பத்து ஆண்டுக்குள் ஆட்டக்காரர் அனைவரும் மாறிவிடும் அணியில், மறுபடியும் வென்றது யார்? நிலத்தைக் காட்டியும் தப்ப முடியாது. 1996இல் கண்ணூர் பல்கலைக்கழகம் தனியே பிரிந்தபோது வடமலபார் கல்லூரிகள் அதனுடன் போயின. தமிழ்நாட்டிலும் இதே கதை: உதகை அரசு கலைக் கல்லூரி 1982 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அதன் பிறகு கோவையின் பாரதியார் பல்கலைக்கழகத்தில். அதே கல்லூரி, அதே மலை, வேறு அணி.

பௌத்தர்கள் இதற்கு எப்போதோ பதில் வைத்துவிட்டார்கள். மிலிந்த மன்னனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த வாதத்தில் ஒரு தேர் வருகிறது. சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று கேட்டுக்கொண்டே போய், இவை சேர்ந்திருக்கும்போது நாம் இடும் பெயரே 'தேர்', அதற்குள் தனியாக ஒரு பொருள் இல்லை என்று முடிக்கிறார் நாகசேனர். சைவ சித்தாந்தி இதை ஏற்கமாட்டார். உடல் மாறலாம், உயிர் அழியாது என்பார் அவர். மனிதனைப் பற்றிய அந்த வழக்கை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் அணிக்கு அழியாத உயிர் ஒன்று உண்டென்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. இதுவரை நாகசேனர் பக்கமே நியாயம். பெயரோடு நின்றுவிட்டால்தான் இடறுகிறது. முந்தைய தேர் கவிழ்ந்ததற்காக அடுத்த தேர் வெட்கப்படாது. அணியோ வெட்கப்படுகிறது. தான் பிறக்கும் முன் கிடைத்த பட்டத்தை நினைத்து இருபது வயதுப் பையன் ஒருவன் கூடுதலாக ஓடுகிறான். வெறும் பெயருக்காக யாரும் அப்படி ஓடுவதில்லை.

நாகசேனரின் இன்னொரு உவமை இதற்கு நெருங்கி வருகிறது: முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல. ஆனாலும் சுடருக்குத் தேர்வு இல்லை. மனிதர்கள் வேண்டுமென்றே கொடுக்கிறார்கள், வேண்டுமென்றே வாங்குகிறார்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்காகக் கோல் காத்த விக்டர் மஞ்ஞிலா, பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். தான் வாங்கியதை அடுத்தவன் கையில் சேர்க்க வந்தவர் என்றே அவரைப் பார்க்கிறேன். அணியை அணியாக வைத்திருப்பது இந்தக் கைமாற்றுதான். அதற்குத் தமிழில் பொருத்தமான சொல் 'கடன்'. திருப்பித் தர வேண்டியதும் கடன், செய்தே தீர வேண்டியதும் கடன். இரண்டு பொருளும் இங்கே வேண்டும்.

கேட்காமல் சுமத்தப்பட்டது எப்படிக் கடனாகும் என்று ஒருவர் கேட்கலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததென்று சேர்ந்த பையனுக்கும் 1971க்கும் என்ன உறவு? அவன் ஆடும் மைதானம், பயிற்சி, அந்தச் சட்டையைக் கண்டு எதிரணிக்கு வரும் தயக்கம், எல்லாமே முன்னவர்கள் ஈட்டியவை. அவற்றைப் பெற்றுக்கொண்ட அளவுக்கு அவன் கடன்பட்டவன். அதற்கு மேல் இல்லை. இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. 'எங்கள் முன்னோர்' என்று சாதி பேசுவதும் இதே குரலில்தானே? ஒப்புமை உண்மைதான்; அதனால்தான் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதிப் பெருமை பிறப்போடு வருகிறது, எதையும் நிரூபிக்கக் கேட்பதில்லை, மகனுக்கும் போகிறது. அணியில் இடம் ஒவ்வொரு ஆண்டும் தேர்வுக் களத்தில் ஈட்டப்பட வேண்டும். மகனுக்கு எழுதி வைக்க முடியாது. இந்த வேறுபாடு நிற்பதும் விழுவதும், தேர்வுக் களத்துக்கு வரும் வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அதை நீலகிரியின் கேரள எல்லையோரத்துச் சேரம்பாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அது அடங்கிய சேரங்கோடு உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபாரிலிருந்து நீலகிரிக்கு மாற்றப்பட்டது. அந்த எல்லைக் கோட்டுக்கு அப்பால் கோழிக்கோட்டின் கால்பந்து. இப்பால் படிக்கும் பிள்ளை ஆட வேண்டியது கோவைக்காக. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுத்த அரசுத் தேயிலைத் தோட்டம், டான்டீ, இங்கேயும் இருக்கிறது. தேயிலைச் செடி நூறாண்டு நிற்கும். பறிக்கும் கைகள் தலைமுறைதோறும் மாறும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. அசுதோஷ் முகர்ஜி கோப்பையோ ஆண்களுக்கானது. அவர்களுடைய மகள்களுக்கு இந்தக் கைமாற்று வந்து சேரவே இல்லையென்றால், கடன் முன்னவர்களுக்கு மட்டும் அல்ல, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் உண்டு. அதை அடைக்கும் வேலை கோப்பையிலிருந்து தொடங்காது. சரிவெல்லாம் தேயிலையாகிவிட்ட மலையில், தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அருகே சமமாக வெட்டிய ஒரு மைதானத்திலிருந்து தொடங்க வேண்டும். மாலையில் அங்கே பையன்களோடு பெண் பிள்ளைகளும் இறங்க இடம் இருக்க வேண்டும்.