பயிற்சியும் பயனும்

நடத்தல், உண்ணுதல், எழுதுதல் ஆகியன மனிதன் நாள்தோறும் எண்ணாமற் செய்யும் செயல்கள். அடி எடுத்து வைப்பவன் எந்தத் தசை எக்கணத்திற் சுருங்க வேண்டும் என ஆராய்வதில்லை. இவ்வொருங்கிசைவைப் பேணுவதில் மூளி எனப்படும் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. மூளியோ, உறுப்புகளிலிருந்து செய்தி கொணரும் நரம்புப் பாதைகளோ பழுதுறின், தசையில் வலு இருந்தும் இயக்கத்தின் ஒழுங்கு கெடுகிறது. நீரருந்த நீட்டிய கை குவளையைத் தாண்டிச் செல்கிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது. அற்றாக்சியா என வைத்திய உலகம் வழங்குவது இந்நிலையையே. பிறர் நினையாமற் செய்வதை இந்நோயர் நினைந்து நினைந்து செய்ய வேண்டியவராகின்றனர்.

இத்தகையோர்க்கு விதிக்கப்படும் வழிகளுள் முதன்மையானது பயிற்சி. ஒரே அசைவைப் பன்முறை செய்து மூளையைப் புதிதாகப் பழக்கலாம் என்பது அதன் அடிப்படை. இங்கு ஓர் அறவினா எழுகிறது. நாளுக்கு நாள் வளரும் நோயின் முன் முயற்சிக்குப் பொருள் யாது? முயல்வது நோயரின் கடமையா? முயன்றும் தளர்ந்தவர் தவறியவர் ஆவாரா?

இப்பயிற்சி முறையின் வரலாறு சுவிற்சர்லாந்தின் ஹைடன் என்னும் சிற்றூரோடு தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு பணியாற்றிய ஹைன்றிச் பிறெங்கெல் என்னும் வைத்தியர், நோயர் ஒருவரை விரலால் மூக்கைத் தொடச் சொல்லிச் சோதித்தார். அவரால் அது செவ்வனே இயலவில்லை. சில மாதங்களின் பின் திரும்பி வந்த அவரிடம் வியக்கத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. அதற்கு மருந்து காரணமன்று. சோதனையில் தேற வேண்டும் என்னும் விருப்பால் அவர் அச்செயலையே இடைவிடாது பழகியிருந்தார். இதனின்றும் பிறெங்கெல் ஒரு முறையை வகுத்தார். சிபிலிசு நோயால் முண்ணாண் பழுதுற்று, கால்களின் உணர்வு குன்றியோர், தம் அசைவைக் கண்ணால் நோக்கியபடி மெதுவாகவும் செம்மையாகவும் மீண்டும் மீண்டும் செய்து பழகினர். இழந்த உணர்வின் இடத்தைப் பார்வை ஓரளவு நிரப்பிற்று.

மூளியே பழுதுற்றோர் நிலை இதனினும் சிக்கலானது. இயக்கத் திறன்களைக் கற்பதற்கே மூளி இன்றியமையாதது என்பது 1969இல் டேவிட் மார் வெளியிட்ட கொள்கை முதலாக விரிவாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வாறாயின், கற்கும் உறுப்பே நோயுற்றவர் எவ்வாறு கற்பது? ஜேர்மனியின் தியூபிங்கன் நகர ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. 16 நோயர் 4 வாரங்கள் செறிவான பயிற்சி பெற்றபின் அவர்களின் நடையும் சமநிலையும் சீருற்றன. மூளி நோயுற்றோரிடத்தே பயன் கூடுதலாகத் தெளிவுற்றது. ஓராண்டின் பின் நோக்கியபோது, நோய் வளர்ந்திருந்தும் அப்பயன் முற்றாக அழிந்திலது.

ஆயினும் பயிற்சி நோயை நீக்குவதில்லை. 1863இல் நிக்கொலாஸ் பிறீட்றைச் விவரித்த பரம்பரை அற்றாக்சியாவுக்குக் காரணமான பரம்பரையலகு 1996இலேயே இனங்காணப்பட்டது. அதற்கென 2023இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முதல் மருந்தும் நோயை முற்றாக மாற்றுவதன்று. எனவே நேற்று நின்றவாறு இன்றும் நிற்பதே இவர்க்குப் பேறாகிறது. எதிர்நீரில் தோணி வலிப்பவன் ஒரே இடத்தில் நிற்பதாகக் கரையிலிருப்போர்க்குத் தோன்றும்; அவன் துடுப்பைக் கைவிட்டாலன்றி நீரோட்டத்தின் விசை அவர்க்குப் புலனாவதில்லை.

அரிஸ்டோட்டில் ஆக்கத்தையும் செயலையும் வேறுபடுத்தினார். வீடு கட்டுவது ஆக்கம். அதன் முடிவு கட்டுதலுக்குப் புறத்தே, வீட்டில் உள்ளது. நற்செயலின் முடிவோ அச்செயலிலேயே அடங்கியுள்ளது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரமும் முயற்சியின் மதிப்பை ஊழின் தீர்ப்பிலிருந்து பிரித்துக் காண்கிறது. பயிற்சி இவற்றுள் எவ்வகையது? ஆக்கம் மட்டுமே எனின், குணம் கிட்டாதபோது உழைப்பு வீணாகிவிடும். செயல் மட்டுமே எனின், சோற்றைச் சிந்தாது வாயில் இட விரும்பும் மனிதனுக்கு அது வெறும் உபதேசமாகும். உண்மையில் அது இரண்டுமாம். சிந்தாத ஒரு பிடி சோறு அதன் புறப்பயன். தன் உடலைத் தான் ஆளும் நிலையைக் கைவிடாமை அதன் அகப்பயன். முன்னையது சிறுகச் சிறுகக் குறையலாம். அதனாற் பின்னையது பொய்யாகிவிடாது.

இவ்விடத்தில் ஒரு தீங்கும் சுட்டப்படல் வேண்டும். மூளையைப் பழக்கலாம் என்னும் உண்மை, பழக்காதவன் சோம்பேறி என்னும் பழியாக எளிதில் திரிந்துவிடுகிறது. தளர்ச்சியுற்றவரை நோக்கி, “இன்னும் முயன்றிருக்கலாம்” என்போர், நரம்புக்கலங்களின் அழிவை மனவுறுதியின் குறைவாகக் கணக்கிடுகின்றனர். முயற்சி போற்றத்தக்கது என்பதால் முயற்சியின் எல்லை குற்றமாகிவிடாது. ஓய்வு வேண்டும் நாளில் ஓய்வு கொள்வதும் நோயரின் உரிமையே.

கடமை என்ற ஒன்று உளதாயின் அது நோயர் மீது மட்டும் சுமத்தற்பாலதன்று. பயிற்சிக்குக் காலம் வேண்டும். பற்றி நடக்கப் பிடிகம்பி வேண்டும். வழிகாட்டும் பயிற்றுநர் வேண்டும். அனைத்திலும் மேலாகப் பிறரின் பொறுமை வேண்டும். பொத்தானைப் பூட்ட ஐந்து நிமிடம் எடுப்பவரிடமிருந்து அப்பணியை அன்பின் பெயரால் பறித்து ஒரு நொடியில் முடிப்பவர், அவரின் அன்றைய பயிற்சியையும் பறித்துவிடுகிறார். தெருவில் தள்ளாடுபவரைக் குடிகாரர் என எள்ளுவோர் அவரை வீட்டினுள் அடைத்து, நடைப்பயிற்சிக்கே முற்றுப்புள்ளி இடுகின்றனர்.

ஆதலின், மீளப் பழகும் மூளை ஒருவரின் தலைக்குள் இருப்பினும், அது பழகுவதற்குரிய சூழல் பலரின் கையில் உள்ளது. நோயர் முயல்கிறாரா என வினவும் சமூகம், அவர் முயல்வதற்குத் தான் இடமளித்ததா என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.