கண்டதும் சொன்னதும்

பறவை நோக்கும் பழக்கத்தை எங்ஙனம் தொடங்குவது என்று இளம் ஆசிரியர் சிலர் என்னை வினவுவதுண்டு. விலையுயர்ந்த தொலைநோக்கி வேண்டுமோ, காடு மலை ஏறித் திரிய வேண்டுமோ என அவர்கள் ஐயுறுகின்றனர். பள்ளித் திடலின் ஓரத்து மரமொன்றே போதும். காலைப் பொழுதில் அதன்கீழ் அரைமணி நேரம் வாய் திறவாது நிற்க இயலுமாயின் பாதி வேலை முடிந்தது. (அஃது ஆசிரியர்க்கு எத்துணைக் கடினம் என்பதை நானறிவேன்.)

பறவையைக் கண்டவுடன் பெயரைத் தேடுதல் கூடாது. அது சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா என முதலில் ஒப்பிட வேண்டும். பின்னர் அலகு, தலை, மார்பு, வால், குரல், இரை தேடும் இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே படநூலைப் புரட்டலாம். நூலை முன்னரே திறந்துவிட்டால், காணாத நிறத்தையும் கண்டதாக நெஞ்சம் சாதிக்கும்.

இதனைப் பிறர்க்குக் கூறும் நானே ஒருமுறை தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன், ஜூலைத் திங்களில் ஒரு சனிக்கிழமை, ஆறாம் ஆண்டு மாணவர் பன்னிருவரைக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1987இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவின் அலையாத்திக் காட்டோரத்தில் நீல நிறப் பறவையொன்று எங்களைக் கடந்து விரைந்தது. சிவந்த அலகு தெரிந்தது; தலை தெரியவில்லை. “ஐயா, அஃது என்ன பறவை?” என்று ஒருவன் கேட்டான். நான் தயங்காமல், “கருந்தலை மீன்கொத்தி” என்றேன். மலாய் மொழியில் அதனைப் ‘பெக்காக்கா கோப்பியா ஹித்தாம்’, அதாவது கறுப்புத் தொப்பி அணிந்த மீன்கொத்தி, என்பர் என்றும் விளக்கினேன். பிள்ளைகள் வியந்தனர். பதினொரு குறிப்பேடுகளில் அப்பெயர் ஏறியது. ஒரு சிறுமி மட்டும், “முதுகு நீலம். அலகு சிவப்பு. தலையைப் பார்க்கவில்லை” என்று எழுதியிருந்தாள்.

வீடு திரும்பி நூலைப் புரட்டினேன். கருந்தலை மீன்கொத்தி வடக்கிலிருந்து வலசை வரும் பறவை. ஏறத்தாழச் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையே நம் கரையோரங்களில் தங்கும். ஜூலையில் அதனைக் காண்பது அரிது. நாங்கள் கண்டது, செம்பனைத் தோட்டங்களிலும் மின்கம்பிகளிலும் நாள்தோறும் அமர்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியாக இருந்திருக்கலாம். அதற்கும் முதுகு நீலம், அலகு சிவப்பு. தலை மட்டும் பழுப்பு.

நான் உரைத்தது பொய்யா? ஏமாற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் தலையைக் காணவில்லை என்பதை அக்கணமே அறிந்திருந்தேன். திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான்! “தெரியாது” என்று சொல்லும் ஆசிரியரை மாணவர் மதியார் என்று பயிற்சிக் காலத்தில் மூத்தோர் எமக்குக் கூறியதுண்டு. அக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. எதைக் கேட்டாலும் கைவிரிப்பவரிடம் பிள்ளைகள் எதைக் கற்பர்? ஆனால், கணக்கில் நான் பிழை செய்தால் மாணவன் மீண்டும் போட்டுப் பார்க்கலாம். பறந்துபோன பறவைக்கு என் சொல்லன்றி வேறு சான்றில்லை. அப்பிள்ளைகள் என்மீது வைத்த நம்பிக்கையைக் கொண்டே அவர்களைத் தவறாக எழுத வைத்தேன். மேலும், பலரும் எழுதும் இத்தகைய எளிய குறிப்புகளைத் திரட்டியே எப்பறவை எங்கே, எப்போது வருகின்றது என்று ஆய்வாளர் கணிக்கின்றனர்.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். பதினொருவரும் அப்பெயரை அடித்தனர். “அப்படியானால் என்ன எழுதுவது, ஐயா?” என்றான் முன்பு கேட்ட அதே மாணவன். அச்சிறுமியின் குறிப்பேட்டை வாங்கி, அவள் எழுதியிருந்ததை அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.