யார் போய்ப் பார்த்தது?

தக்காளி விலை விழுந்துவிட்டால் பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வட்டாரத்துச் சாலையோரங்களில் அது தெரிந்துவிடும். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கட்டாது என்று பெட்டி பெட்டியாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி நாடே அலறியது. அதே ஆண்டு செப்டம்பருக்குள் விலை அடிமாட்டு நிலைக்கு வந்தது. உழைப்பு கண்ணெதிரே அழுகுவதைப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் போய், "இந்தக் கழிவிலிருந்து கரண்ட் எடுக்கிற கம்பெனி ஒண்ணு இருக்கு, பங்கு இன்னும் மலிவாத்தான் கிடைக்குது" என்று சொன்னால் அவர் காது கொடுக்காமல் இருக்க மாட்டார். அதைப் பேராசை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடக் கூடாது. வீணாய்ப் போவதற்கு ஒரு விலை கிடைக்காதா என்ற நியாயமான ஏக்கமும் அதில் இருக்கிறது.

2020 மார்ச்சில் இந்தியாவில் இருந்த டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2024இல் அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. சீட்டுப் போடுவதும் நகை வாங்குவதும் மட்டுமே சேமிப்பாக இருந்த ஊர்களுக்கும் பங்குச்சந்தை வந்துவிட்டது. கூடவே வாக்குவாதமும் வந்தது. மாமனும் மருமகனும் பேசிக்கொள்ளும்போது அது அநேகமாக இப்படித்தான் போகும். "மாமா, அந்த ஃபேக்டரியை நேர்ல போய்ப் பார்த்தீங்களா?" என்று இளையவர் கேட்பார். "எல்லாத்தையும் பார்த்துட்டா நம்பறோம்? சாமியப் பார்த்துட்டா கும்பிடறோம்?" என்று பெரியவர் திருப்பிக் கேட்பார்.

சிரித்துக்கொண்டு கடந்துபோகக் கூடிய பதில் இல்லை இது. பார்க்காததை எந்த அடிப்படையில் நம்பலாம் என்பது இந்தியத் தத்துவத்தின் ஆகப் பழைய கேள்விகளில் ஒன்று. தமிழில் அதை முறையாக விவாதித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே 'அளவை'யை எடுத்துக்கொள்கிறது. ஒன்றை உண்மை என்று அறிய என்னென்ன வழிகள் உண்டு? பலர் பலவாகச் சொன்னாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அவை அடங்கும் என்று அந்நூல் முடிவுகட்டுகிறது. கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லைக் கொள்வது. மணிமேகலையில் காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் பௌத்த அளவை நூலோ காட்சி, அனுமானம் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. உரைக்கு அங்கே தனி இடம் இல்லை.

பெரியவரின் பதிலில் உள்ள பிழையை இந்த மரபே காட்டிக்கொடுக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உரை மதிப்புப் பெறுவது பொறிகளுக்கும் ஊகத்துக்கும் எட்டாத பொருளில். இறைவன், வினை, வீடுபேறு ஆகியவற்றைப் பற்றிக் கண்ணும் கணக்கும் சொல்ல முடியாததை ஆகமம் சொல்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் இயந்திரம் அப்படிப்பட்ட பொருள் அன்று. அதற்கு ஒரு முகவரி உண்டு, வாசல் உண்டு, மின்கட்டண ரசீது உண்டு. பஸ் ஏறிப் போனால் பார்த்துவிடலாம். காண்டலுக்கும் கருதலுக்கும் எட்டுகிற ஒன்றை வெறும் உரையால் ஏற்பவர், சாமிக்குரிய நம்பிக்கையை எடுத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறார். இதில் கெடுவது பணம் மட்டும் இல்லை, நம்பிக்கை என்ற சொல்லும் கூடவே மலிந்துபோகிறது.

ஜென்சால் எஞ்சினியரிங் விவகாரம் இதற்கு அண்மைய சான்று. சூரிய மின்சாரம், மின்சாரக் கார் என்று வளர்ந்த பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் அது. 2024இல், நாளொன்றுக்கு 25 டன் உயிரிக் கழிவிலிருந்து ஒரு டன் ஹைட்ரஜன் எடுக்கும் சுமார் 164 கோடி ரூபாய்த் திட்டம் கிடைத்திருப்பதாக அறிவித்தது. 2025 ஜனவரியில், தான் தயாரிக்கவிருக்கும் மின்சாரக் கார்களுக்கு 30,000 முன்பதிவுகள் வந்திருப்பதாகப் பங்குச்சந்தைக்குத் தெரிவித்தது. இவை எல்லாமே உரை. ஏப்ரல் 15 அன்று பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. அரசு நிதி நிறுவனங்களிடம் கார் வாங்கப் பெற்ற கடனில் ஒரு பகுதி வேறு வழியில் திருப்பப்பட்டதாகவும், அதில் ஆடம்பர அடுக்குமாடி வீடு வரை வாங்கப்பட்டதாகவும் செபி சொன்னது. முன்பதிவு என்று சொல்லப்பட்டவை விலையும் விநியோகத் தேதியும் இல்லாத புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் என்றும் கண்டது.

அந்த உத்தரவில் தத்துவ மாணவர் நின்று படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. தேசியப் பங்குச்சந்தையின் அதிகாரி ஒருவர் புனே அருகே சாகனில் உள்ள கார்த் தொழிற்சாலைக்கு நேரில் போனார். அங்கே இரண்டு மூன்று கூலியாட்கள் இருந்தார்கள், உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. இது காண்டல். பிறகு மின்கட்டணத்தைக் கேட்டு வாங்கினார். முந்தைய 12 மாதங்களில் மிக அதிகமாக வந்த மாதக் கட்டணமே சுமார் 1.57 லட்சம் ரூபாய்தான். இவ்வளவு மின்சாரத்தில் கார் உற்பத்தி நடந்திருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார்கள். இது கருதல். மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம் என்று தர்க்க நூல்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் உதாரணம் சாகனில் தலைகீழாக நிகழ்ந்தது. புகை இல்லை, ஆகவே நெருப்பும் இல்லை.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு முதலீட்டாளர்கள் அந்தப் பங்கை வைத்திருந்தார்கள். உச்ச விலையிலிருந்து அது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஆலையில் உற்பத்தி இல்லை என்ற உண்மை, ஒருவர் வாசல் வரை போய்த் திரும்பியதில் தெரிந்தது.

ஆனால் போய்ப் பார்த்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1996இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த ராமர் பிள்ளை, மூலிகையும் தண்ணீரும் கலந்து பெட்ரோல் செய்வதாகச் சொன்னார். டெல்லியில் அறிவியலாளர்கள் முன்னிலையிலேயே செய்து காட்டினார். தமிழ்நாடு பெருமையில் திளைத்தது. கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள், எரிந்த சுடரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கண்டிப்பான சோதனைகளில் அந்த மூலிகை நிற்கவில்லை. பிறகு 1999, 2000இல் விற்கப்பட்ட எரிபொருள் டொலுவீன், நாஃப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்று சிபிஐ வழக்குத் தொடுத்தது. 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது. காட்சியிலும் ஐயம் உண்டு, திரிபு உண்டு, இரண்டும் நீங்கிய காட்சியே அளவையாகும் என்று சித்தியார் நிபந்தனை போட்டது இதனால்தான். செய்து காட்டுபவரே மேடையையும் பாத்திரத்தையும் நேரத்தையும் தீர்மானிக்கிற இடத்தில் பார்வையாளர் காண்பது அவர் காட்ட நினைத்ததை.

கண் ஏமாறும் இடத்தில் கருதல் காப்பாற்றும். குப்பை மின்சாரத்தைப் பொறுத்தவரை அந்தக் கருதல் பொறியாளர்களுக்கு மட்டும் உரியது அன்று, விறகு அடுப்பு ஊதிய எவருக்கும் எட்டக்கூடியது. டெல்லி திமார்ப்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் எடுக்க ஓர் ஆலை கட்டினார்கள். சுமார் மூன்று வாரம் ஓடியது, நின்றது. ஆலை வடிவமைக்கப்பட்டது கிலோவுக்கு 1,400 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் குப்பைக்கு. வந்து சேர்ந்ததோ அதில் பாதி அளவே தரும் ஈரக் குப்பை. காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பழைய இரும்புக்காரர் முன்னமே எடுத்துக்கொண்டு போய்விடுகிற நாட்டில் மிஞ்சுவது காய்கறித் தோலும் மண்ணும் சோறும்தானே? லக்னோவில் குப்பையிலிருந்து சாண எரிவாயு முறையில் மின்சாரம் எடுக்க 2003இல் தொடங்கிய 5 மெகாவாட் ஆலையும் தரமற்ற குப்பையால் மூடப்பட்டது. தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். அதை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்று ஒரு விளம்பரத் தாள் சொன்னால் மாரண்டஹள்ளி விவசாயி எந்த நிபுணரையும் கேட்க வேண்டியதில்லை. மட்க வைத்து வாயு எடுக்கலாம். விலை வீழ்ந்த வாரத்தில் மலைபோல் வரும் கழிவு விலை ஏறிய மாதத்தில் வருமா என்பதை அவரால் இன்னும் துல்லியமாகக் கேட்க முடியும்.

வெளிநாட்டிலும் கதை இதுவே. மரச்சில்லுகளிலிருந்து எரிபொருள் எடுக்கும் அமெரிக்காவின் கியோர் நிறுவனம் 2011 ஜூனில் பங்கு ஒன்றை 15 டாலருக்கு விற்றது, 2014 நவம்பரில் திவால் மனு போட்டது. ஒரு டன்னுக்கு எவ்வளவு எரிபொருள் கிடைக்கும் என்பதில் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு பின்னர் குற்றம்சாட்டியது.

அப்படியானால் இதெல்லாம் சூதா? வள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரம் வைத்தவர், இந்த வாதத்தில் அவரை இழுக்காத தமிழர் இல்லை. ஆனால் தக்காளி நடுவதிலும் சூது அளவுக்கு நிச்சயமின்மை உண்டு. நிச்சயமின்மை மட்டுமே பாவம் என்றால் உழவே பாவமாகிவிடும். இங்கே பொருந்துவது வேறு இரண்டு அதிகாரங்கள். தெரிந்துசெயல்வகையில், வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் வேலையில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்கிறார். தெரிந்துதெளிதலில், ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் என்கிறார். விலை இறங்க இறங்க மேலும் வாங்கி 'ஆவரேஜ்' பண்ணுகிறவர்கள் இந்தக் குறளின் பின்பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம்பிய பின் சந்தேகப்படக் கூடாது, அவ்வளவுதான் என்கிறார்கள். முன்பாதி இல்லாமல் பின்பாதி செல்லாது. ஆராய்ந்து நம்பியவருக்கு மட்டுமே உறுதியாக நிற்கும் உரிமை உண்டு. ஆராயாதவர் பிடிவாதமாய் நிற்பது அறமாகாது, முதல் தவறின் நீட்சி அது.

இன்றைய தருமபுரியான தகடூருக்கே உரிய ஒரு புறநானூற்றுக் காட்சி இந்த வாதத்துக்கு வேறொரு வெளிச்சம் தருகிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் தன் படைக்கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, மயில் பீலி சூட்டி, பளபளவென்று அடுக்கி வைத்த ஆயுதங்கள். ஔவை அதைப் புகழ்வதுபோலப் பேசி, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். 95ஆம் பாட்டு அது. போருக்குப் போன ஆயுதம் எது, போகாதது எது என்பதைத் தோற்றமே சொல்லிவிட்டது. தொழில்நுட்பத்தையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். ஓடாத ஆலை படத்தில் எப்போதும் அழகாக இருக்கும். ஓடுகிற ஆலையில் துரு இருக்கும், நாற்றம் இருக்கும், கழற்றிப் போட்ட பம்பு ஒன்று ஓரமாய்க் கிடக்கும்.

அப்படிப்பட்ட ஆலைகள் தூரத்தில் இல்லை. சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் பல, மரவள்ளி மாவு பிழிந்த கழிவுநீரிலிருந்து வாயு எடுத்துத் தங்கள் தேவைக்கே பயன்படுத்துகின்றன. நாமக்கல்லில் கோழி எச்சத்திலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து வாகன எரிவாயு தயாரிக்க அமைக்கப்பட்டது. அதற்குப் பின்னால் பல ஆண்டுகளாக வீடு வீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கிய நகராட்சிப் பணியாளர்களின் உழைப்பு இருக்கிறது. கழிவிலிருந்து சக்தி என்பது பொய் அன்று. அதன் கடினமான பகுதி இயந்திரத்துக்கு வெளியே இருக்கிறது என்பதைத்தான் விற்கிறவர்கள் சொல்வதில்லை.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது, அதுவே ஆகப் பாரமானது. பெரும்பாலான சிறு முதலீட்டாளர்கள் நிறுவனத்தை நம்பிப் பணம் போடுவதில்லை. மாமா சொன்னார், கூட வேலை பார்க்கும் வாத்தியார் சொன்னார் என்று போடுகிறார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த மச்சானின் பணம் போனால் அந்தப் பழி யாருக்கு? தான் போட்ட பணத்தையும் சேர்த்து இழந்தவரைக் குற்றவாளி என்று சொல்ல மனம் வராது. ஆனால் தான் காணாத ஒன்றைக் கண்டவர் தொனியில் சொன்ன கணத்தில் அவர் உரையின் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிட்டார். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவர் யார் என்பதற்கு இலக்கணம் சொல்கிறார். பொருளை நேராக அறிந்தவர், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் உடையவர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவரே சேர்த்துச் சொல்வது பெரிய விஷயம். குலமும் படிப்பும் பதவியும் அங்கே கணக்கில் வரவில்லை.

அந்த இலக்கணப்படி பார்த்தால், தொலைக்காட்சியில் இலக்கு விலை சொல்பவரைவிடவும் பங்கை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் உறவினரைவிடவும், ஜவ்வரிசி ஆலையில் வாயுக் கலனைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி இந்த விஷயத்தில் நம்பத்தக்கவர். மழை மாதத்தில் வாயு எவ்வளவு குறைகிறது, கலனை எப்போது கழுவ வேண்டும், மரவள்ளி வரத்து நின்றால் எத்தனை நாள் ஓடும், கழிவைக் கொண்டுவந்து சேர்க்கும் லாரி வாடகை யார் தலையில் விழுகிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு விற்க ஒரு பங்கும் இல்லை. மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரி போய் அங்கிருந்து சேலம் பஸ் பிடித்தால் காலையில் போய்ப் பேசிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.