இரண்டு கூடம், ஒரே பீடம்

மத்தேயு ஏழாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் மனம் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது. தம்மை ஆண்டவர் என்று கூப்பிட்டவர்களிலேயே பலர் அந்த நாளில் விண்ணரசுக்கு வெளியே நிற்பார்கள் என்று இயேசு சொல்கிற இடம் அது. சாமி கும்பிடாதவர்களைப் பற்றிச் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தாண்டிப் போய்விடலாம். இவர்களோ பெரிய பட்டியலோடு வருகிறார்கள். இறைவாக்கு உரைத்திருக்கிறார்கள், பேய் ஓட்டியிருக்கிறார்கள், புதுமைகள் செய்திருக்கிறார்கள். எல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான். விசுவாசத்துக்கும் குறைவில்லை, செயலுக்கும் குறைவில்லை. அப்படியும் இவர்களைத் தமக்குத் தெரியாது என்கிறார்.

தந்தையின் விருப்பப்படி நடக்கவில்லை என்பதுதான் குற்றம். அந்த விருப்பம் எது என்று தேடி அலைய வேண்டாம். அதே மலைப்பொழிவில் இரண்டு அதிகாரம் முன்னே போனால் போதும். காணிக்கையோடு பீடம் வரை வந்துவிட்டவனுக்கு, தன்மேல் ஒரு சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். பூசை காத்திருக்கட்டும் என்கிறார். (சாமியார் பத்து நிமிடம் பிந்தினாலே கடிகாரம் பார்க்கிற நமக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.)

*

பீடத்துக்கு முன் ஒப்புரவு என்றதும் வடக்கன்குளம் நினைவுக்கு வருகிறது. நெல்லை மாவட்டத்தின் தெற்கு ஓரத்து ஊர். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாய் சொன்ன யோபுவின் கதையில் மனம் தைத்து, 1745 மே 14 அன்று இங்கே வந்துதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பிறகு சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், உண்டார். அரண்மனை ஆட்கள் அவரைப் பிடித்து, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய பெரிய கோயிலுக்கு இரண்டு கூடம். வெள்ளாளர் பக்கம் ஒன்று, நாடார் பக்கம் ஒன்று. நடுவே சுவர். இரண்டு கூடமும் ஒரே பீடத்தில் போய்ச் சேரும். பீடத்தில் நிற்கிற குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். முழந்தாளிட்டிருக்கிறவனுக்குத் தன் பக்கம் மட்டும்தான் தெரியும்.

1910-இல், அங்கே குருவாக இருந்த கௌசானல் சுவாமி காலத்தில், சுவர் இடிபட்டது. இடித்தது தவறு என்று வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

வழக்குப் போட்டவர்களை நினைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களை வேடதாரிகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. செபமாலை சொன்னவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருந்தவர்கள், விசுவாச அறிக்கையை ஒரு சொல் பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்கள். சுவர் போனால் கோயிலே போய்விடும் என்று உள்ளபடியே நம்பியவர்களும் இருந்திருப்பார்கள். நம்பிக்கை பொய்யாக இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். மெய்யான நம்பிக்கைக்குள்ளேயே ஓர் அறையைப் பூட்டி, இதற்குள் மட்டும் ஆண்டவர் வரவேண்டாம் என்று சாவியை மடியில் முடிந்துகொள்வதைத்தான் கண்டுபிடிக்க முடிவதில்லை.

*

விசுவாசத்தால் மீட்பா, செயலால் மீட்பா என்ற பழைய வழக்கில் யாக்கோபின் திருமுகத்தை ஒரு பக்கமும் பவுலை மறுபக்கமும் நிறுத்துவது வழக்கம். லூத்தர் 1522-இல் தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் யாக்கோபைத் தாழ்த்தியே பேசினார். கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இதுபற்றி ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை ஆயிற்று.

இந்த வழக்கில் இருவரிடமிருந்தும் எடுத்துக்காட்டுகிற அதிகாரங்களைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. செயலில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு வாதிடுவது இரண்டாம் அதிகாரத்தின் பின்பாதியில். முன்பாதி முழுக்க, யாரை எங்கே உட்காரவைப்பது என்பதுதான். பொன் மோதிரக்காரன் சபைக்குள் வந்தால் நல்ல இடம். அழுக்குத் துணிக்காரன் வந்தால் நிற்கச் சொல்வது, இல்லையென்றால் கால்மாட்டில் தரையைக் காட்டுவது. இந்தக் காட்சியிலிருந்துதான் அவர் வாதத்துக்கே போகிறார்.

பவுலிடம் வருவோம். அருளால், விசுவாசத்தின் வழியாய் மீட்பு, மனிதச் செயலால் இல்லை என்று அடித்துச் சொல்வது எபேசியர் இரண்டாம் அதிகாரம். நான்கைந்து வசனம் தள்ளி, யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்த சுவரைக் கிறிஸ்து இடித்துவிட்டார் என்கிறார். எருசலேம் கோயிலில் அப்படி ஒரு தடுப்பு உண்மையாகவே இருந்தது. அதைத் தாண்டுகிற அந்நியன் சாவான், பழி அவனையே சேரும் என்று கிரேக்கத்தில் வெட்டிய எச்சரிக்கைக் கல் 1871-இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல் அங்கே வெளிப்பட்ட மறு ஆண்டு இங்கே வடக்கன்குளம் கோயில்.

விசுவாசத்தின் பக்கம் நின்று வாசித்தாலும் செயலின் பக்கம் நின்று வாசித்தாலும் வந்து சேரும் இடம் ஒன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் யாரை உட்காரவிடுகிறோம் என்ற இடம்.

*

அப்படியானால் மோட்சம் நடத்தைக்குக் கிடைக்கும் கூலியா? சிலுவையில் தொங்கிய நல்ல கள்வன் இந்தக் கேள்விக்கு இடம் வைக்கவில்லை. தானதருமம் செய்ய அவனுக்கு நேரமில்லை. கையும் காலும் மரத்தோடு. மிச்சம் இருந்தது நாக்கு மட்டும். அதைக்கொண்டு தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், பழித்துப் பேசிய கூட்டாளியை அதட்டினான், தன்னை நினைக்கும்படி இயேசுவைக் கேட்டான். அசைக்க முடிந்த ஒன்றையும் அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

நமக்கோ கை கால் எல்லாம் விடுபட்டிருக்கின்றன. நற்கருணைக்கு முன் சமாதானம் சொல்லும் நேரத்தில் கைகூப்பி வலப்பக்கம் திரும்புகிறோம், இடப்பக்கம் திரும்புகிறோம். பெரும்பாலும் சொந்தக்காரர் முகம்.

*

2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதரானார். அதற்கு முன்பே அவர் பெயரின் பின்னாலிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயரை வத்திக்கான் எடுத்துவிட்டது. ஞானஸ்நானத்துக்கும் இதற்கும் இடையே இருநூற்று எழுபத்தேழு ஆண்டுகள்.

அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் சில பங்குகளில் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இன்னும் தனி. சில இடங்களில் பிணம் சுமக்கும் தூம்பாகூடத் தனி. உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறோம் என்று குழிமேட்டில் நின்று செபித்துவிட்டு, எழுந்திருக்கும்போதும் தனித்தனியாகவே எழுந்திருக்க ஏற்பாடு செய்துவைத்திருக்கிறோம். வரும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளில், மெழுகுதிரியோடு போகிறவர்கள், உங்கள் ஊர்த் தோட்டத்துக்குள் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் எழுந்து அதை இடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.